ஜிபிஎஸ் வெஸ்ட்: சீசனின் பின்பாதியில் அணி தளர்வதை இது காட்டிக் கொடுக்குமா?

மார்கழி வரை மூன்று கோல், நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயித்த அணி, மாசி பிறந்ததும் அதே எதிரணிகளிடம் ஒற்றைக் கோலில் தோற்கத் தொடங்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை கிளப்புகளுக்கு இது பழகிப்போன வேதனை. உடனே கமிட்டியில் ஒருவர் கோச்சை மாற்றச் சொல்வார், இன்னொருவர் வெளியூர் ஆட்டக்காரரை இறக்கச் சொல்வார். இப்போது மூன்றாவதாக ஒரு யோசனையும் சேர்ந்திருக்கிறது: ஐரோப்பிய அணிகள் ஜெர்சிக்குள் போடும் ஜிபிஎஸ் வெஸ்ட்டை நாமும் வாங்கிவிடலாம்.

அந்த வெஸ்ட்டை ஒரே ஒரு கேள்வியை வைத்து இங்கே எடைபோடுகிறேன். சீசனின் பின்பாதியில் அணி ஏன் தளர்கிறது என்பதை அது காட்டிக் கொடுக்குமா? தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் அணி முழுவதற்கும் இருபது வேண்டாம், நான்கு போதும். அதோடு கோடு போட்ட நோட்டு ஒன்றும் வேண்டும். நோட்டு இல்லாத வெஸ்ட் பாதி உண்மையைத்தான் சொல்லும். அந்தப் பாதியை நம்பி எடுக்கும் முடிவு ஆட்டக்காரரின் காலில்தான் போய் விடியும்.

பொருள் எப்படி இருக்கிறது

உடம்போடு ஒட்டிய கையில்லாத பனியன், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஒரு சிறு பை, அந்தப் பைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் கேட்டபல்ட், வடக்கு அயர்லாந்தின் ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் ஆகியவை இதில் பேர்பெற்ற கம்பெனிகள். இவர்களிடம் வாங்கினால் ஒரு ஆளுக்கே ஐந்து இலக்க ரூபாய் ஆகும். சில கம்பெனிகள் கருவியின் விலைக்கு மேல் ஆப்புக்கு மாதச் சந்தாவோ வருடச் சந்தாவோ கேட்கும். சந்தா முடிந்தால் பழைய கணக்குகளைப் பார்க்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பின்பாதியை முன்பாதியோடு ஒப்பிடத்தானே வாங்குகிறோம். பழைய கணக்கு போனால் எல்லாம் போயிற்று.

நல்ல கருவிகள் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை நொடிக்கு 10 முறை குறித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்தபின் போனுக்கு ஏற்றினால் மொத்தத் தூரம், வேக ஓட்டத்தின் தூரம், ஸ்பிரின்ட் எண்ணிக்கை, உச்ச வேகம், எத்தனை முறை சட்டென்று வேகமெடுத்தார், எத்தனை முறை சட்டென்று நின்றார் என்பதெல்லாம் வரும். பெரும்பாலும் மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் போனால் வேக ஓட்டம், 25.2க்கு மேல் போனால் ஸ்பிரின்ட் என்று கணக்கு. இந்த எல்லைகள் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து வந்தவை. அப்படியே எடுத்துக்கொண்டால் நம் பையன்களுக்குக் கணக்கு தப்பும். உச்ச வேகம் 33 உள்ளவருக்கு 25.2 என்பது முக்கால் வேகம். உச்ச வேகமே 28 உள்ளவருக்கு அது 90 சதவீதம், கிட்டத்தட்ட முழு மூச்சு. முதலாமவர் சாதாரணமாக ஓடியதை ஆப் ஸ்பிரின்ட் என்று பாராட்டும். இரண்டாமவர் உயிரைக் கொடுத்து ஓடியதைக் கணக்கிலேயே சேர்க்காது.

அதனால் முதல் வாரமே ஒவ்வொருவரின் சொந்த உச்ச வேகத்தை எடுத்துவிட வேண்டும். முந்தைய நாள் ஓய்வு, கெட்டியான தரை, உடம்பு நன்றாகச் சூடானபின் 40 மீட்டர் முழு வேகத்தில் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நிமிடம். அதில் கிடைக்கும் அதிக வேகம்தான் அவருடைய நூறு. ஆப்பில் எல்லைகளை மாற்ற இடம் இருந்தால் அந்த நூறில் 90 என்பதை அவருடைய ஸ்பிரின்ட் எல்லையாகப் போடுங்கள். மாற்ற இடம் தராத ஆப் என்றால் அந்தக் கருவியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பயன்படுத்துவதில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் கணக்கையே கெடுப்பவை. கருவியை டிரெஸ்ஸிங் ரூமில் ஆன் செய்து உடனே ஓட விட்டால் முதல் சில நிமிடங்களின் தூரம் கண்டபடி இருக்கும். திறந்த வானத்தின் கீழ் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். தென்னை நெருங்கி நிற்கும் ஓரத்திலும் காலரிக் கூரைக்குக் கீழும் சிக்னல் தடுமாறும். அந்தப் பக்கமே ஓடும் விங்கரின் கணக்கில் பிழை அதிகம் இருக்கும். பனியன் தொளதொளவென்று இருந்தால் கருவி முதுகில் குதிக்கும், குதிப்பையெல்லாம் வேகமெடுத்ததாக எழுதிவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு கருவிகள்கூட ஒரே ஓட்டத்துக்குச் சற்று வேறு எண் காட்டும் என்பதால், ஒரு ஆட்டக்காரருக்கு எப்போதும் ஒரே கருவி. பின்பக்கம் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் துள்ளல்களிலும் சட்டென்று திரும்பும் இடங்களிலும் இது அவ்வளவு துல்லியம் கிடையாது. சிறு கட்டத்துக்குள் ஐவர் ஆட்டம் ஆட வைத்துவிட்டு அதன் வேகக் கணக்கை வைத்து யாரையும் திட்டாதீர்கள்.

தூரம் குறையாது, வேகம்தான் குறையும்

வெஸ்ட் வாங்கிய கோச் முதலில் பார்ப்பது மொத்தத் தூரத்தை. போன மேட்சில் 9 கிலோமீட்டர், இந்த மேட்சிலும் 9, அப்படியென்றால் பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார். இங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது.

ஐரோப்பிய உயர்நிலை அணி ஒன்றைப் பற்றி 2010ல் வெளியான ஆய்வு இதை நேராகக் காட்டியது. வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடியபோதும் இரண்டு ஆடியபோதும் ஆட்டக்காரர்கள் ஓடிய தூரத்திலும் வேக ஓட்டத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காயமோ 1000 மணி நேர ஆட்டத்துக்கு 4.1 என்பதிலிருந்து 25.6 ஆனது, ஆறு மடங்கு. உடம்பு களைத்திருந்தும் ஆட்டக்காரர் மேட்ச் அன்று எப்படியோ இழுத்துப்பிடித்து ஓடிவிடுகிறார். விலையைத் தசைதான் கொடுக்கிறது. மேட்ச் தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, பையன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நிமிடம் வரை எதுவும் தெரியாது.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? அந்த வாரத்தில் அவர் தொட்ட உச்ச வேகம், அவருடைய சொந்த நூறில் எத்தனை சதவீதம் என்பதை. இரண்டு வாரம் தொடர்ந்து 90ஐத் தொடவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

பின்பாதித் தளர்ச்சியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான். தோற்கத் தொடங்கிய அணியைப் பார்த்து எல்லோரும் சொல்வது “பசங்களுக்குத் தம் போச்சு.” பெரும்பாலும் தம் போயிருக்காது. மேட்சும் பயிற்சியுமாக ஓடிக்கொண்டே இருப்பவருக்குத் தம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. பயிற்சியே நின்றால்கூட அது ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். உச்ச வேகம் அப்படியில்லை. தொடாமல் விட்டால் ஒரு வாரத்துக்குள் மழுங்கத் தொடங்கும். சீசன் தொடங்கும் முன் ஜிம்மில் சேர்த்த பலம் அதைவிட நாள் தாங்கும், ஆனால் மேட்ச் தொடங்கியதும் ஜிம்மை நிறுத்திவிட்டால் மூன்றாவது மாதத்தில் கையிருப்பு காலி. அது சரியாகச் சீசனின் பின்பாதியில் வந்து விழுகிறது.

இந்த நேரத்தில் தம் போனதாக நினைத்து கோச் என்ன செய்கிறார்? கிரவுண்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடச் சொல்கிறார். களைத்த காலுக்கு மேலும் களைப்பு. வேகத்துக்கும் பலத்துக்கும் ஒன்றும் இல்லை. பந்து கால் நீளத்துக்கு முன்னே நழுவிப் போகிறது, எதிரணி விங்கர் ஒரு அடி முந்துகிறார், அந்த ஒரு அடியில் கோல் விழுகிறது. பிறகு தோல்விக்குத் தண்டனையாக இன்னும் பத்து ரவுண்டு. வெஸ்ட் தரும் மிகப் பெரிய நன்மை இந்தச் சுழலை எண்ணால் நிறுத்துவது. “தூரம் குறையவில்லை, உச்ச வேகம் 31லிருந்து 28க்கு வந்திருக்கிறது, ரவுண்டு வேண்டாம்” என்று சொல்ல கோச்சிடம் ஒரு ஆதாரம் இருக்கும்.

கருவியே காப்பாற்றிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. ஆர்சனல் பல ஆண்டுகளாக இந்த வகைக் கருவிகளைப் பயன்படுத்திய அணி. 2022–23 சீசனில் நெடுநாள் முதலிடத்தில் இருந்துவிட்டு, ஏப்ரலில் லிவர்பூல், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்ப்டன் என்று அடுத்தடுத்து மூன்று மேட்சை டிராவில் விட்டுப் பட்டத்தை மான்செஸ்டர் சிட்டியிடம் கொடுத்தது. மார்ச் மாதம் சலீபா காயப்பட்டபோது பின்வரிசையில் அவருக்கு இணையான மாற்று ஆள் இல்லை. எந்த வெஸ்ட்டும் பெஞ்சில் ஆள் சேர்க்காது. 2018–19ல் பியெல்சா கோச்சாக இருந்த லீட்ஸும் அப்படித்தான்: இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் கிறிஸ்துமஸ் சமயம் முதலிடம், முடிவில் மூன்றாமிடம், பிளே ஆஃபில் டெர்பியிடம் தோல்வி. சிறிய அணியை வைத்துக்கொண்டு முழு வேக ஆட்டம் ஆடினால் கடைசி மாதங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த சீசனைத்தான் பலரும் காட்டுவார்கள்.

மணலில் வெஸ்ட் பொய் சொல்லும்

கம்பெனி விளம்பரங்களில் வராத, நம் மாவட்டத்துக்கென்றே எழுத வேண்டிய குறை இது. கால்பந்து ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜின் ஊரான இரவிபுத்தன்துறையிலும், பக்கத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையிலும் பையன்கள் பந்தோடு வளர்வது கடற்கரை மணலில். மணலில் ஓட கெட்டித் தரையைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். வேகமோ குறையும். ஜிபிஎஸ்ஸுக்குத் தெரிவது இடமும் வேகமும் மட்டும். கால் எவ்வளவு புதைந்தது என்று தெரியாது. ஆக, ஒரு மணி நேரம் மணலில் சாறு பிழிந்த பயிற்சியை அது “இன்று இலேசான நாள்” என்று எழுதும். அதை நம்பி மறுநாள் மேலும் பாரம் ஏற்றினால் பழுது நிச்சயம்.

ஆகவே மணல் நாட்களை வெஸ்ட் கணக்கில் தனியாகக் குறியுங்கள், தரை நாட்களோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். அந்த நாட்களில் மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஜிபிஎஸ்ஸைவிட உண்மையைச் சொல்லும். போலார் எச்10 போன்ற பட்டை தனியாகவே கிடைக்கும். சிஆர்2025 பட்டன் பேட்டரி போதும். பணம் மிகவும் இடித்தால் நான்கு வெஸ்ட்டுக்குப் பதில் இரண்டு வெஸ்ட்டும் இரண்டு பட்டையும் வாங்குவது நல்ல யோசனை.

பட்டை இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு சின்னச் சோதனையும் வைக்கலாம். கெட்டித் தரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன், 15 நொடிக்கு ஒரு விசில், விசிலுக்கு ஒரு கோனில் இருக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் 16 நீளம், 800 மீட்டர், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். கடைசி அரை நிமிடத்தின் துடிப்பை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், பயிற்சியின் தொடக்கத்தில். மூன்று நான்கு துடிப்பு ஏறி இறங்குவது சகஜம். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடி, அடுத்த வாரமும் இறங்காமல் நின்றால் களைப்பு, காய்ச்சல், தூக்கமின்மை என்று எதையாவது தேட வேண்டும். பங்குனி, சித்திரையில் புழுக்கமே துடிப்பை ஏற்றிவிடும். அணியில் எல்லோருக்கும் ஒன்றாக ஏறினால் அது வெயில். ஒருவருக்கு மட்டும் ஏறினால் அது அவர்.

நோட்டு எதற்கு

மழை விட்டதும் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் பந்தயங்கள், தொடங்கிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போய் ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஆடிவிட்டு, கையில் காசோடு விடியற்காலை ஊர் திரும்பும் பையன்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கிளப் தராத பணத்தை செவன்ஸ் தருகிறது. ஆனால் அந்த ராத்திரி வெஸ்ட் வீட்டில் கொக்கியில் தொங்குகிறது. ஆப்பில் அன்று “ஓய்வு” என்று பச்சை நிறம் காட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு வள்ளத்தில் போய் வலை இழுத்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருபவரின் கணக்கும் இதே கதைதான்.

இதைப் பிடிப்பது நோட்டு மட்டுமே. பயிற்சியோ மேட்சோ முடிந்து அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் “எவ்வளவு கஷ்டமாக இருந்தது” என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் ஓய்வு, பத்து என்றால் அதற்கு மேல் முடியாது. அதை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய பாரம். செவ்வாய் 75 நிமிடம், மதிப்பெண் 6, பாரம் 450. வியாழன் 60 நிமிடம், 5, பாரம் 300. ஞாயிறு மேட்ச் 90 நிமிடம், 8, பாரம் 720. வாரத்துக்கு 1470. முந்தைய நான்கு வாரச் சராசரியும் 1450 என்றால் எல்லாம் ஒழுங்கு. அதே வாரம் 50 நிமிட செவன்ஸ் இரண்டு, மதிப்பெண் 8 வீதம் ஆடியிருந்தால் 800 கூடி 2270 ஆகிவிடும், சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல்.

இந்த வாரத்தைச் சராசரியால் வகுத்து 0.8க்கும் 1.3க்கும் இடையில் வைத்தால் காயம் வராது என்று ஒரு விதி 2016 வாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கணக்கின் மேல் பிறகு புள்ளியியல் ரீதியாகக் கடும் எதிர்ப்பும் வந்தது. அதனால் 1.3ஐ வேத வாக்காக எடுக்க வேண்டாம். எண் சட்டென்று எகிறினால் ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அந்த அளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பேசும் விதமும் முக்கியம். “மக்கா, நேத்து ராத்திரி எங்க ஆடின, எத்தன நிமிஷம்?” என்று கேட்டு எழுதிக்கொண்டு அன்றைய பயிற்சியைக் குறைத்தால் அடுத்த வாரம் அவரே வந்து சொல்வார். டீமிலிருந்து தூக்கிவிடுவேன் என்று மிரட்டினால் நோட்டில் பொய்தான் ஏறும், பிறகு நோட்டும் வெஸ்ட்டும் இரண்டும் வீண். தூங்கிய மணி நேரத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆழ்கடலுக்குப் போய் மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பும் ஆட்டக்காரருக்கு இந்த வகுத்தல் உதவாது, சராசரியே பூஜ்யம்தான். அங்கே வெஸ்ட்தான் கை கொடுக்கும். முதல் வாரம் மற்றவர்கள் செய்வதில் பாதி, உச்ச வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் வாரம் முக்கால் பங்கு, 90ஐத் தொடும் ஓட்டம் இரண்டு மூன்று. மூன்றாம் வாரம் கடைசி அரை மணி நேரத்துக்கு இறக்கலாம். கரைக்கு வந்த முதல் ஞாயிறே ஊர்ப்பெருமைக்காக முழு மேட்ச் ஆட வைப்பதுதான் நம் பக்கத்தில் பின்தொடைக் காயத்துக்கு நேர்வழி. நான்கு கருவியில் ஒன்றை இப்படித் திரும்பி வருபவர்களுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மற்ற மூன்றும் இரண்டு விங்கருக்கும், நடுவில் அதிகம் ஓடும் ஒருவருக்கும்.

எண் இறங்கிவிட்டது, அடுத்து என்ன

வெஸ்ட் நோயைச் சொல்லும், மருந்து தராது. மருந்து மலிவானது.

பலத்துக்கு வாரம் ஒருமுறை ஜிம். நார்வேயில் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் நடந்து 2011ல் வெளியான ஆய்வில், சீசன் நடக்கும்போது வாரம் ஒருமுறை பலப் பயிற்சி செய்தவர்கள் கால் பலத்தையும் 40 மீட்டர் வேகத்தையும் 12 வாரம் காப்பாற்றிக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தவர்கள் இழந்தார்கள். ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். ஜிம் இல்லாத ஊரில் ஆளைத் தோளில் தூக்கி உட்கார்ந்து எழுவதும், ஒற்றைக் காலில் திண்ணை ஏறி இறங்குவதும் ஓரளவு வேலை செய்யும்.

பின்தொடைக்கு நார்டிக். ஒருவர் மண்டியிட்டு நிற்க, இன்னொருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முதுகும் இடுப்பும் மடங்காமல் மெதுவாக முன்னே சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 5 முறை வீதம் இரண்டு சுற்று, பல வாரங்களில் 12, 10, 8 என்ற மூன்று சுற்று வரை. மேட்சுக்கு முந்தைய நாள் செய்யவே கூடாது. மறுநாள் பின்தொடை பாறையாக இருக்கும். செவ்வாய்க்கிழமை சரி. முதல் இரண்டு வாரம் வலிக்கிறது என்று கைவிடும் அணிகள்தான் அதிகம்.

வேகத்துக்கு வாரத்தின் நடுவில், உடம்பு சூடானதும் முதல் வேலையாக, 30 முதல் 40 மீட்டரில் மூன்று அல்லது நான்கு முழு வேக ஓட்டம், நடுவில் தாராள ஓய்வு. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. உண்மையிலேயே 90 சதவீதத்தைத் தொட்டாரா என்று உறுதி செய்வதில்தான் வெஸ்ட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. “முழு வேகம்” என்று சொல்லிக்கொண்டு 80ல் ஓடுபவர்களைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதை மணலில் செய்யாதீர்கள், அங்கே 90 வராது. ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம் அப்பையும் வாரம் இரண்டு முறையாவது முழுசாகச் செய்ய வேண்டும். ஐப்பசியில் 20 நிமிடமாக இருந்தது பங்குனியில் 5 நிமிடமாகிவிடுவதை எல்லாக் கிரவுண்டிலும் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஆப் வாய் திறக்காது. 60 கிலோ உள்ளவர் மேட்சில் 1.2 கிலோ இழந்தால் 2 சதவீதம் போயிற்று, அதற்கு மேல் ஆட்டம் மங்கும். மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, இழந்ததைப்போல் ஒன்றரை மடங்கு நீரை அடுத்த சில மணி நேரத்தில் உப்போடு சேர்த்து ஏற்ற வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைப்பது போதுமானது. முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து: இரண்டு ஏத்தன்பழம் ஏறக்குறைய அதைக் கொடுத்துவிடும். ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் இருக்கிற ஊரில் பவுடர் டப்பாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு சாயங்காலம்

தளர்ச்சி உடம்பில் இல்லாமலே இருக்கலாம். முன்பாதியில் பெனால்டியிலும் எதிரணி கோல்கீப்பர் நழுவ விட்டதிலும் ஜெயித்த அணி, பின்பாதியில் தன் உண்மையான மட்டத்துக்கு இறங்கினால் அதைத் தளர்ச்சி என்று சொல்ல முடியாது. சொந்தக் கிரவுண்டு மேட்சுகள் முதலிலேயே முடிந்திருக்கலாம். மஞ்சள் அட்டைகள் சேர்ந்து முக்கிய ஆள் வெளியே இருக்கலாம். உங்கள் கார்னரை எல்லோரும் போனில் எடுத்து வைத்துப் படித்திருக்கலாம். கல்லூரித் தேர்வு வந்து பயிற்சிக்குப் பதினாறு பேர் வந்த இடத்தில் ஒன்பது பேர் வரலாம்.

அதனால் ஸ்கோர் எழுதி வைப்பவரை உட்கார வைத்து ஒரு தாளில் கோடு போடுங்கள். விட்ட கோல்களை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். கோலை நோக்கி நாம் அடித்த ஷாட், நம்மை நோக்கி வந்த ஷாட் இரண்டையும் மேட்சுவாரியாக எழுதுங்கள். 70 நிமிடத்துக்குப் பிறகு விட்ட கோல் சீசனின் பின்பாதியில் மட்டும் பெருகியிருந்தால் உடம்பையும் பெஞ்சையும் பாருங்கள், வெஸ்ட் உதவும். ஷாட் எண்ணிக்கை மாறாமல் முடிவு மட்டும் மாறியிருந்தால் கோல்கீப்பிங், ஃபினிஷிங், அதிர்ஷ்டம், வெஸ்ட் உதவாது. முதல் கால்மணி நேரத்திலேயே கோல் விழுந்துகொண்டிருந்தால் எதிரணி உங்களைப் படித்துவிட்டது, கோச் ஆட்ட முறையை மாற்ற வேண்டும். இந்தத் தாளுக்குச் செலவு கிடையாது, பல கிளப்புகளின் காசை இது மிச்சப்படுத்தும்.

உப்பும் வியர்வையும்

நம் கடற்கரைக் காற்றில் இந்தக் கருவியின் எதிரி சார்ஜ் ஆகும் உலோகப் புள்ளிகளில் படியும் உப்பு. பயிற்சி முடிந்ததும் கருவியை எடுத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்த பிறகே சார்ஜில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் புள்ளிகள் பச்சை பிடித்து, பிறகு சார்ஜே ஏறாது. மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பனியனை மெஷினில் போடும் முன் பையில் கருவி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெந்நீர் வேண்டாம், நிழலில் காய்ந்தால் போதும். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால் கருவி குதிக்கத் தொடங்கும், அப்போது புதுப் பனியன் மட்டும் வாங்கினால் போதும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக இறங்கவிட்டு வைத்த லித்தியம் பேட்டரி அடுத்த சீசனில் ஒரு மேட்ச்கூடத் தாங்காமல் போகலாம்.

மேட்சில் போடும் முன் போட்டி நடத்துபவர்களிடமும் நடுவரிடமும் சொல்லிவிடுங்கள். ஆபத்தில்லாத வகையில் இருந்தால் கால்பந்து விதிகள் இதை அனுமதிக்கின்றன, ஆனால் முன்பின் பார்த்திராத நடுவர் ஜெர்சிக்குள் துருத்தும் பொருளைக் கழற்றச் சொல்வார்.

பழைய கருவி வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல கருவிகள் முதலில் வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். விற்பவர் தன் ஆப்பிலிருந்து விடுவிக்காவிட்டால் உங்கள் போனில் ஏறாது. பணம் கொடுக்கும் முன் உங்கள் போனில் சேர்த்து, வெளியே எடுத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடம் ஓடி, கணக்கு வருகிறதா, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.